ஃபிக்சட் கியர் மிதிவண்டிப் பல்பயன் கருவி

ஃபிக்சட் கியர் மிதிவண்டிப் பல்பயன் கருவி என்பது, ஃபிரீவீல் இல்லாத மிதிவண்டிகளைச் செப்பனிடும் கருவிகளை ஒன்றாக இணைத்த கைக்கருவி ஆகும். இவ்வண்டிகளில் சக்கரம் சுழலும்வரை மிதிகளும் சுழலும். 2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில், தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் ஓடுதளத்தில் ஓடியவை இவ்வகையினவே. அவற்றில் பிரேக் கிடையாது. மிதியைப் பின்னோக்கி அழுத்தியே வேகத்தைக் குறைப்பர்.

அவ்வழுத்தம் பின்பற்சக்கரத்தைக் கழற்ற முயலும். அதைத் தடுப்பது ஒரு பூட்டு வளையம். இதன் புரி வழக்கத்திற்கு மாறானது. கடிகார முள்ளின் எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும். ஆகவே பற்சக்கரம் கழல முயன்றால் வளையம் மேலும் இறுகுகிறது. வளையம் தளர்ந்திருந்தால் வண்டியை நிறுத்தும் வழியே இல்லாமல் போகலாம்.

எனவே வளையத்தின் வெட்டில் மாட்டும் கொக்கி இக்கருவியின் முதன்மை உறுப்பாகும். பின்னச்சின் மரைக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். சங்கிலியின் தொய்வைச் சரிசெய்யவும் இம்மரையையே தளர்த்த வேண்டும். பிடி குட்டையானால் மரை போதுமான அளவு இறுகாது. நீண்டால் சட்டைப்பையில் அடங்காது. ஒரு முனையில் ஸ்பேனரும் மறுமுனையில் கொக்கியும் அமைத்தால் ஒரே பிடி இரண்டிற்கும் நெம்புகோலாகிறது.