ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டுமா?

ஆம்ப்ளிஃபயர் அறையின் ஓரத்தில் இருந்தால் இடது ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் ஒயர் போதும், வலதுக்கு 8 மீட்டர் வேண்டும். இரண்டையும் 8 மீட்டராகவே வெட்டி மிச்சத்தைச் சுருட்டி வை என்பார்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து ஒலி முந்திவிடுமாம். கணக்குப் போட்டால் இந்தப் பயம் நிற்காது. ஒயரில் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 5 மீட்டர் வித்தியாசத்தால் வரும் தாமதம் ஒரு நொடியில் 4 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் காற்றில் ஒலி நூறில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. சுருட்டினால் கெடுதலும் பெரிதாக இல்லை: இரு கம்பிகளிலும் கரண்ட் எதிரெதிராக ஓடுவதால் காந்தப்புலம் ஏறக்குறைய அடிபட்டுப் போகும்.

அப்படியானால் நீளத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாமா? வேண்டும், மின்தடைக்காக. கரண்ட் போய்த் திரும்புவதால் 10 மீட்டர் ஒயர் கணக்கில் 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பில் அது சுமார் 0.34 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் 4 சதவீதச் சக்திதான் போகும், காதுக்குத் தெரியாது. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பு, அங்கே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் நல்லது. விலை உயர்ந்த கேபிளெல்லாம் எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நீளம் நிஜமாகவே கடிப்பது திருவிழாவில். திண்டுக்கல் பக்கம் தெருநெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்ட, அதே 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 200 மீட்டர் இழுத்தால் 6.8 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டினால் சக்தியில் பாதிக்குக் கிட்ட ஒயரைச் சூடாக்கவே சரியாகிவிடும். 100 வோல்ட் லைனில் ஓட்டி, குழாய்க்குக் குழாய் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கினால் 30 வாட்டுக்கு 0.3 ஆம்பியர் போதும். ஒயரில் வீணாவது 1 வாட்டுக்கும் குறைவு.