மிதிவண்டியும் நாயும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் பங்கு இல்லத்தில் ஒரு நாய் வளர்ந்தது. நாம் மிதிவண்டியில் கிளைக் கிராமத்திற்குப் புறப்படும்போதெல்லாம் அதுவும் உடன் ஓடிவரும். அதன் அன்பை எண்ணிப் பெருமை கொண்டோமேயன்றி, அதன் கால்களை ஒருநாளும் நோக்கினோமில்லை. ஒரு சித்திரை மாத நண்பகலில் வீடு திரும்பி இறங்கியபோது, திண்ணையில் இரத்தத் தடங்களைக் கண்டோம். தார்ச்சாலையின் சூட்டினால் அதன் பாத மெத்தைகள் கொப்புளித்து உரிந்திருந்தன. வழியில் ஓரிடத்திலேனும் அது பின்தங்கவில்லை. அன்று கற்ற பாடத்தை நம் குடும்பங்களோடு, சிறப்பாக நாயைச் சைக்கிளுடன் ஓட்டிச் செல்லும் சிறுவர்களோடு, பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாயோ பெரும்பாலும் நாவை நீட்டி இரைப்பதாலேயே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயிலில் நெடுந்தொலைவு ஓடும் நாய் சுருண்டு விழுந்து இறந்துபோகவும் கூடும். ஆகவே விடியற்காலையே தக்க வேளை. மாலையாயின், புறங்கையைச் சாலைமீது சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காததை அதன் பாதமும் பொறாது. கூடுமானவரை மண்பாதையையே தேர்ந்துகொள்ளுங்கள். உண்டவுடன் ஓட்டலாகாது.

எல்லா நாய்களும் இதற்கு ஏற்றவை அல்ல. எலும்பு முற்றாத குட்டியை ஓட்டினால் மூட்டுகள் கெடும். சிறிய இனமாயின் ஒரு வயதும், பெரிய இனமாயின் ஒன்றரை வயதும் நிறையட்டும். பக் போன்ற தட்டை முக நாய்கள் மூச்சுவிடவே இடர்ப்படும், அவற்றை விட்டுவிடுங்கள். சிப்பிப்பாறை நாய்க்கு ஓட்டம் இயல்பானது. ஆயினும் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனமாதலால், பூனையைக் கண்டால் பாய்ந்துவிடும். அதற்குப் பயிற்சி இருமடங்கு தேவை.

பயிற்சியைப் படிப்படியாகத் தொடங்குக. முதலில் மிதிவண்டியை நிறுத்திவைத்து, நாய் அதனை முகர்ந்து பழகட்டும். அடுத்த சில நாள்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே நாயுடன் நடந்து செல்லுங்கள். ‘நில்’, ‘மெல்ல’, ‘இந்தப் பக்கம்’ என்னும் சொற்களுக்கு அது தவறாது பணிந்த பின்னரே ஏறி மிதிக்கலாம். முதல் நாள்களில் ஐந்து நிமிடம் போதும். சீரான பெருநடையே அதற்கு ஏற்றது. தாவிப் பாயத் தொடங்கினால் நாம் விரைந்து மிதிக்கிறோம் என்று பொருள்.

வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். திடீரென இழுபட்டாலும் மூச்சுக்குழல் நெரியாது. வாரைக் கைப்பிடியில் கட்டுவதும் மணிக்கட்டில் சுற்றுவதும் பெருந்தவறு. குறுக்கே ஓர் ஆடு ஓடினால் போதும், நாயும் மனிதனும் ஒருங்கே விழுவர். இருக்கைக்குக் கீழே, தாழ்வான இடத்தில், முன்சக்கரத்தை எட்டாத அளவில் கட்டுவதே நன்று. நம் நாட்டில் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், நாயும் நமக்கு இடப்பக்கத்தில் வரட்டும். அப்போது பேருந்துக்கும் நாய்க்கும் இடையே நாம் இருப்போம்.

ஜெர்மனியில், நாம் அல்சேஷன் என்றழைக்கும் நாய்களுக்கு ஒரு தேர்வு உண்டு. மிதிவண்டியுடன் 20 கிலோமீட்டர் தொலைவை, மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் அவை ஓட வேண்டும். 16 மாதம் நிறையாத நாய்க்கு அங்கே இடமில்லை. இடையிடையே ஓய்வு கட்டாயம். பாதங்கள் புண்ணாயினவா என்றும் நோக்குவர். அத்துணை வலிய நாய்க்கே இத்துணைக் காவல் எனில், நம் வீட்டு நாய்க்கு எத்துணை வேண்டும்!

நம் நாயின் பாதங்கள் ஆறச் சில வாரங்கள் ஆயின. ஆறுமுன்னரே, நாம் வண்டியை எடுத்த ஓசை கேட்டு, நொண்டிக்கொண்டு வாயிலுக்கு வந்து நின்றது. அதனை உள்ளே கட்டிவிட்டுத்தான் புறப்பட்டோம். தனக்கு முடியவில்லை என்று நாய் சொல்லாது. அதனை அறிந்து நிறுத்த வேண்டியவர் மிதிவண்டியில் அமர்ந்திருப்பவரே.