பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசிச் சான்றும்

தொற்றுநோய்கள் பரவுவதற்குப் பள்ளிக்கூடத்தைப்போல் வாய்ப்பான இடம் வேறில்லை எனலாம். பல குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகள் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் பல மணி நேரம் கூடியிருக்கின்றனர். ஆதலின், தடுப்பூசிச் சான்று இல்லாத குழந்தையைப் பள்ளியில் சேர்த்தலாகாது என்னும் விதி சில நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அவ்விதி குழந்தைகளைக் காக்கின்றதா, அன்றிக் கல்வியினின்றும் விலக்குகின்றதா என்பது ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் ஆராயத்தக்க வினாவாகும்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்பதை 1796-ஆம் ஆண்டில் சோதித்துக் காட்டினார். அதற்கு 31 ஆண்டுகளுக்குப் பின், 1827-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் பள்ளியில் சேரும் குழந்தைகள் அம்மை குத்திக்கொண்டிருத்தல் வேண்டும் என விதித்தது. 1855-இல் மாஸசூஸெட்ஸ் மாநிலம் முழுவதற்கும் அது சட்டமாயிற்று. இத்தகைய விதிகளை எதிர்த்துப் பெற்றோர் சிலர் வழக்காடினர். டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரைப் பற்றிய வழக்கில், அவ்விதி செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-இல் தீர்ப்பளித்தது.

தட்டம்மைத் தடுப்பூசி அந்நாட்டில் 1963-இல் வழக்கத்திற்கு வந்தது. அதன் பின்னர் நிகழ்ந்த ஒரு சம்பவம் கருதத்தக்கது. டெக்ஸார்கானா என்னும் நகரின் நடுவே டெக்ஸாஸ், அர்க்கன்ஸா ஆகிய இரு மாநிலங்களின் எல்லை செல்கின்றது. பள்ளிக் குழந்தைகள் தட்டம்மை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அர்க்கன்ஸாவில் இருந்தது, டெக்ஸாஸில் இல்லை. 1970-71-இல் அங்கே தட்டம்மை பரவியபோது நோயுற்றோர் 633 பேர். அவர்களுள் 606 பேர் டெக்ஸாஸ் பகுதியினர். எஞ்சிய 27 பேரே அர்க்கன்ஸா பகுதியினர். இரு பகுதி மக்களும் ஒரே நகரில் கலந்து பழகுவோரே. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதமே இரு பகுதிகளுக்கும் இடையே பெரிதும் வேறுபட்டிருந்தது.

எனினும், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 1976-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் தட்டம்மை பரவியபோது, ஏற்கெனவே இருந்த விதியைக் கண்டிப்பாக நிறைவேற்ற அதிகாரிகள் முற்பட்டனர். குறிப்பிட்ட நாளில் 89,109 மாணவர்களுள் 7,418 பேரிடம் சான்று இல்லை. அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு மாதம் கழித்து, வெளியே இருந்தோர் 51-க்கும் குறைவு. இதனால் அறியத்தக்கது யாதெனில், ஊசி போட்டுக்கொள்ளாத குழந்தைகளுட் பெரும்பாலோரின் பெற்றோர் அதனை மறுத்தவர்கள் அல்லர்; காலம் தாழ்த்தியவர்கள், அல்லது சான்றைத் தேடாதவர்கள்.

தட்டம்மை மிக எளிதில் தொற்றுவது. நோயாளி இருமித் தும்மிச் சென்ற அறையின் காற்றில் அதன் கிருமி 2 மணி நேரம் வரை தங்கக்கூடும். நூற்றுக்குச் சுமார் 95 பேரேனும் தடுப்பாற்றல் பெற்றிருந்தாலன்றி அதன் பரவலைத் தடுத்தல் அரிது. கைக்குழந்தைகளும், நோயின் காரணமாக ஊசி போட இயலாதவர்களும் பிறருடைய தடுப்பாற்றலையே நம்பியுள்ளனர்.

இந்தியாவின் நிலைமை சற்று வேறானது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி ஓர் உரிமை என 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கப்பெற்றபோது, பள்ளிகள் ஊசி போடும் இடங்களாகப் பயன்பட்டன. பெற்றோரின் இசைவின்றிப் பள்ளியில் இவ்வூசியைப் போடலாகாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. ஆகவே, இங்கே வாயிலை அடைப்பதைவிட, விடுபட்ட குழந்தையைக் கண்டறிவதே பள்ளியின் முதற்கடமையாகின்றது.

சேர்க்கையின்போது ஆசிரியர் ஊசி அட்டையைக் கேட்டுப் பார்த்தல் நன்று. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் நிறைந்தபின் ஒரு முறையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொரு முறையும் போடப்பட்டிருத்தல் வேண்டும். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றைத் தடுக்கும் முத்தடுப்பூசியின் இரண்டாம் ஊக்க ஊசிக்குரிய 5-6 வயது, பள்ளியிற் சேரும் வயதாகவே அமைகின்றது. விடுபட்டவர்களின் பெயர்களைத் தனியே குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பலாம். அட்டை இல்லையென்றோ ஊசி போடவில்லையென்றோ குழந்தையைக் கடிந்துகொள்ளலாகாது. ஐயமுற்ற பெற்றோரிடம் சுகாதார ஊழியர் நேரிற் சென்று, ஊசியின் பயனையும் அதன்பின் தோன்றக்கூடிய சிறு காய்ச்சலையும் மறைக்காது எடுத்துரைத்தல் வேண்டும். அடுத்த ஊசி நாளுக்குப்பின் அப்பெயர்ப் பட்டியலை மீண்டும் பார்த்து, எஞ்சியோரைத் தொடர்ந்து அணுகினால், எக்குழந்தையின் படிப்பும் தடைப்படாமலே வகுப்பு முழுவதும் பாதுகாப்புப் பெறும்.