சிப்பாயின் தோளில் – 9: தோட்டாவில் தொடங்கிய தடுமாற்றம்

சென்ற வாரம் நாம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தோம். 1962 அக்டோபர். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய .303 துப்பாக்கியோடு நம் ஜவான்கள் சீனப் படையை எதிர்கொண்டார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் எஸ்.எல்.ஆர். உருவாகி வந்தது. விசையை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். 1971 போரில் நம் காலாட்படை ஏந்திய ஆயுதம் அது.

இனி நடந்தது புரிய வேண்டுமானால் மூன்று தோட்டாக்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எல்.ஆரின் தோட்டா 7.62X51. முதல் எண் குண்டின் பருமன், இரண்டாவது எண் வெடிமருந்து அடைத்த கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். ஏ.கே.47-இன் தோட்டா 7.62X39, அதே பருமன், ஆனால் குட்டைக் கூடு. மூன்றாவது, வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் பரப்பிய 5.56X45. எஸ்.எல்.ஆர். தோட்டா ஒன்றின் எடை சுமார் 24 கிராம், 5.56 தோட்டாவின் எடை அதில் பாதி. சுமக்கிற எடை மாறாமலே இரண்டு மடங்கு தோட்டாக்களை எடுத்துப் போகலாம். சுடும்போது தோளில் உதைப்பதும் குறைவு.

1980-களில் உலகப் படைகள் பலவும் 5.56 பக்கம் சாய்ந்தன. நம் ராணுவமும் அதையே விரும்பியது. புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் இன்சாஸ் துப்பாக்கியை வடிவமைக்கத் தொடங்கியது. எதிரியைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவது மேல், ஒருவன் விழுந்தால் அவனைத் தூக்க இன்னும் இருவர் போவார்கள், ஆக மூன்று பேர் களத்திலிருந்து விலகுவார்கள் என்றொரு கணக்கு அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு அந்தக் கணக்கில் எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. எடைக் குறைவுதான் உண்மையான காரணம். காயக் கணக்கு அதற்குப் போர்த்திய சால்வை.

இதற்கிடையே 1987 அக்டோபரில், இலங்கை சென்ற நம் அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. மதில்களும் பனங்கூடல்களும் குறுகிய ஒழுங்கைகளும் நிறைந்த ஊர். எதிரி முப்பது, நாற்பது அடியில் எதிர்ப்பட்டு மறைகிறான். அவன் கையில் ஏ.கே. வகைத் துப்பாக்கி, விசையைப் பிடித்தால் சரமாரியாகச் சுடும். நம் ஜவான் கையில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான, நான்கு கிலோவைத் தாண்டிய எஸ்.எல்.ஆர். ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான். திறந்த வெளியில் வெகுதூரம் குறிபார்க்கச் செய்த துப்பாக்கி, ஒழுங்கைச் சண்டையில் திணறியது. ஏ.கே. ரகத்தின் மதிப்பை நம் ராணுவம் நேருக்கு நேர் உணர்ந்த இடம் அது.

இன்சாஸ் 1990-களில் படைகளின் கைக்கு வந்தது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அது தயாரானது. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்க்கும்படி மேகசின் கண்ணாடிபோல இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் 1999-இல் கார்கில் மலைகளின் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன. சுடும்போது எண்ணெய் முகத்தில் தெறிக்கிறது என்றும், மூன்று குண்டோடு நிற்க வேண்டியது நிற்காமல் ஓடுகிறது என்றும் புகார்கள் வந்தன. குறைகள் படிப்படியாகச் சரிசெய்யப்பட்டன. துப்பாக்கியின் மேல் ஜவான் வைத்த நம்பிக்கையை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை.

காஷ்மீரில் காயக் கணக்கும் பொய்த்தது. ஊடுருவி வருபவன் பெரும்பாலும் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வருவதில்லை. காயம்பட்டாலும் கடைசித் தோட்டா வரை சுடுகிறான். அவனைத் தூக்கிப்போக எந்தத் தோழனும் வருவதில்லை. வழக்கமான போரை எண்ணிப் போட்ட கணக்கு அங்கே செல்லவில்லை. அங்கு நின்ற வீரர்களில் பலர் இன்சாஸை விட்டு ஏ.கே.வைத் தேடியதில் வியப்பே இல்லை.

இதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வருகிற பகுதி. 2011-இல் ராணுவம் ஒரு விசித்திரமான துப்பாக்கியைக் கேட்டது: குழலை மாற்றினால் ஒரே துப்பாக்கி 5.56, 7.62X39 இரண்டு தோட்டாக்களையும் சுட வேண்டும். எந்தத் தோட்டா வேண்டும் என்று முடிவெடுக்க முடியாதவர்கள், அந்த முடிவைத் துப்பாக்கியின் தலையில் கட்டினார்கள் என்பதே என் எண்ணம். வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன, சோதனைகள் நடந்தன. 2015-இல் டெண்டர் ரத்தானது. அடுத்து, அடித்தால் எதிரி எழக்கூடாது என்று தேவை மாறி, பழைய எஸ்.எல்.ஆரின் 7.62X51 தோட்டாவுக்கே திரும்பினார்கள். இஷாப்பூர் செய்து கொடுத்த துப்பாக்கி 2017 சோதனையில் தேறவில்லை.

2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 சிக் 716 துப்பாக்கிகள், அவசரக் கொள்முதலாக, சுமார் 700 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டன. முன்னணியில் நிற்பவர்களுக்கு அவை. மற்றவர்களுக்கு ரஷ்ய ஏ.கே.203. அதற்கான தொழிற்சாலை உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் 2019 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. விலைப் பேச்சு இழுத்துக்கொண்டே போய், 6,01,427 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில்தான் கையெழுத்தானது. 5.56-இல் தொடங்கிய பயணம் கடைசியில் 7.62X39-இல் வந்து நின்றது. சிக் 716 நல்ல துப்பாக்கி, ஏ.கே.203-உம் அப்படியே. வாங்கியது தவறில்லை. 2011-லேயே தோட்டாவை முடிவு செய்திருந்தால், ஒரு தலைமுறை ஜவான்கள் தாங்கள் நம்பாத துப்பாக்கியோடு எல்லையில் நின்றிருக்க வேண்டியதில்லை.

அதே 7.62X39 தோட்டாவைச் சுடும் ஒரு துப்பாக்கி திருச்சியிலேயே தயாராகிறது. அதன் பெயர் திருச்சி அசால்ட் ரைஃபிள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)