டீசல் லாரியில் ஏர் புடிச்சா: பபிள் எங்கிருந்து வருது?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்விய கேட்டிருந்தீங்க: "லாரிக்காரங்க 'ஏர் புடிச்சிருச்சு'ன்னு சொல்றாங்களே, அது என்ன? டயர்ல இருக்க வேண்டிய காத்து டீசல்ல என்ன பண்ணுது?" இன்னைக்கு அதத்தான் பார்க்கப் போறோம்.

பழைய பெட்ரோல் பைக் ரிசர்வ் வரைக்கும் காலியாகி நின்னுச்சுன்னா, ஒரு பாட்டில் பெட்ரோல் ஊத்தி நாலு கிக் அடிச்சா கிளம்பிடும். டீசல் இன்ஜின் அப்படி இல்லை. டேங்க் ஃபுல்லா இருந்தாலும், லைனுக்குள்ள காத்து இருந்தா செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கலாம், வண்டி எடுக்காது.

காரணம் புரியணும்னா, மெடிக்கல் ஷாப்ல ஒரு சிரிஞ்ச் வாங்குங்க, ஊசி வேண்டாம். முழுக்க தண்ணி நிரப்பி, முனைய விரலால அடைச்சு அழுத்துங்க. அசையாது. இப்போ உள்ள கொஞ்சம் காத்து விட்டு அழுத்துங்க. பிஸ்டன் சும்மா உள்ள போயிட்டு திரும்பி வரும். பழைய மாடல் லாரி இன்ஜின்ல நாசில் திறக்கவே கிட்டத்தட்ட 200 பார் அழுத்தம் வேணும். அந்த அழுத்தத்துல டீசல் நூத்துக்கு 2 பங்குகூட சுருங்காது. காத்து 200-ல ஒரு பங்கா சுருங்கிடும். ஒரு ஸ்ட்ரோக்குல பம்ப் அனுப்புற டீசலே ஓரிரு சொட்டுதான். அந்த இடத்துல ஒரு பபிள் உட்கார்ந்தா பம்போட உழைப்பெல்லாம் பபிள நசுக்குறதுக்கே போயிடும். நாசில் திறக்காது, டீசல் தெளிக்காது.

சரி, காத்தை எடுக்கிறது எப்படின்னு எல்லா டிரைவருக்கும் தெரியும். ஃபில்டர் மேல இருக்கிற பிளீடு ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, ஹேண்ட் பிரைமர அடிக்கணும். முதல்ல நுரை வரும், அப்புறம் சுத்தமான டீசல் வரும், அது வழியும்போதே ஸ்க்ரூவ டைட் பண்ணணும். வண்டி ஸ்டார்ட் ஆயிடும். டீசல் தீர்ந்து நின்ன வண்டிக்கும், ஃபில்டர் மாத்தின வண்டிக்கும் வேலை இதோட முடிஞ்சுது. ஆனா தினமும் காலைல ஏர் எடுக்க வேண்டியிருந்தா? நம்ம பாஷைல சொன்னா அது சர்வர ரீஸ்டார்ட் பண்ற கதை. பக் அங்கேயே இருக்கு.

இதுல பலரைக் குழப்புற விஷயம் ஒண்ணு இருக்கு. டீசல் ஒழுகுற இடத்துலதான் காத்து உள்ள போகும்னு நினைப்போம். பல நேரம் அப்படி இல்லை. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இழுக்குற பக்கம். ஸ்ட்ரா வச்சு இளநீர் குடிக்கிற மாதிரி. ஸ்ட்ராவுல ஓட்டை இருந்தா இளநீர் வெளிய வராது, வாய்க்குள்ள காத்துதான் வரும். லாரியிலயும் அப்படித்தான். ஃபீட் பம்புக்கு அந்தப் பக்கம், அதாவது தள்ளுற பக்கம், ஓட்டை இருந்தா டீசல் வெளிய கசிஞ்சு காட்டிக் கொடுக்கும். இழுக்குற பக்கத்து ஓட்டை இன்ஜின் ஓடும்போது காஞ்சே இருக்கும், துணியால தொடச்சுப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. அதனால முதல் கேள்வி, உங்க வண்டியில எது எது பம்புக்கு முன்னாடி இருக்கு? சில மாடல்ல ஃபில்டரும் ஹேண்ட் பிரைமரும்கூட இழுக்குற பக்கம்தான்.

அப்புறம் அறிகுறிகள நம்ம லாக் ஃபைல் மாதிரி படிக்கணும். ராத்திரி நிறுத்தி வச்சு, காலைல ஸ்டார்ட் ஆகி சில செகண்ட்ல நின்னா, ராத்திரியே எங்கயோ காத்து புகுந்து லைன்ல இருந்த டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கு. ஃபில்டர்ல மிச்சம் இருந்தது தீர்ந்ததும் இன்ஜின் நிக்குது. டேங்க் பாதிக்குக் கீழ போனா மட்டும் தொந்தரவுன்னா, டேங்குக்குள்ள இறங்குற பைப்புல விரிசல் இருக்கான்னு பாருங்க. டீசல் மட்டம் விரிசலுக்கு மேல இருக்கிற வரைக்கும் அது டீசலத்தான் உறிஞ்சும்.

மத்தபடி வழக்கமான குற்றவாளிகள்: வெயில்ல வெடிச்ச ரப்பர் ஹோஸ், லூசான கிளிப், ஃபில்டர் மாத்தும்போது பழசையே போட்ட ரப்பர் ரிங், திரும்பத் திரும்ப யூஸ் பண்ணின காப்பர் வாஷர். என் கணிப்பு, கடைசி ரெண்டையும் முதல்ல பாருங்க. பிரச்சினை எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டா, "ஃபில்டர் மாத்தினதுல இருந்து"ன்னு பதில் வந்தா கேஸ் பாதி முடிஞ்சுது.

அதுலயும் கிடைக்கலன்னா பைனரி சர்ச். பம்புக்கு உள்ள போற லைன்ல ஒரு துண்டு கண்ணாடி மாதிரி தெரியுற டியூப் போட்டு ஐடிலிங்ல விடுங்க. இப்பதான் ஏர் எடுத்திருந்தா கொஞ்ச நேரம் பபிள் வரும், அது நார்மல். நிக்காம வந்தா, டேங்க் லைன கழட்டிட்டு ஒரு சுத்தமான கேன்ல டீசல் வச்சு நேரா பம்புக்குக் குடுங்க. பபிள் நின்னுச்சுன்னா தப்பு டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல. அடுத்து நடுவுல இருக்கிற ப்ரீ-ஃபில்டருக்கு முன்னாடி கேன மாட்டுங்க. இப்படியே பாதி பாதியா குறைக்கணும். கேன் ஹோசையும் கிளிப் போட்டு டைட் பண்ணுங்க, இல்லன்னா டெஸ்ட் கோடுலயே பக் வந்துடும். பபிளே இல்லாம வண்டி எடுக்கலன்னா, காத்தை விட்டுட்டு வேற காரணம் தேடுங்க.

இது ஏன் முக்கியம்னா, நாமக்கல்ல முட்டை ஏத்திக்கிட்டு பெங்களூரு போற வண்டி தொப்பூர் ஏத்தத்துல இன்ஜின் நின்னா, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும். கம்ப்ரசரும் நின்னுடும், டேங்க்ல மிச்சம் இருக்கிற ஏர்லதான் பிரேக் பிடிக்கணும். பின்னாடி வண்டி வரிசை கட்டி வந்துக்கிட்டு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டில இன்ஜெக்டர் நட்ட லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சு ஏர் எடுப்பாங்க. இப்ப வர்ற பி.எஸ்.6 காமன் ரெயில் லாரில அதச் செய்யாதீங்க. ஓடும்போது ரெயில் அழுத்தம் 1600 பாருக்கும் மேல போகும். அந்த டீசல் கண்ணுக்குத் தெரியாத கம்பி மாதிரி பீச்சி தோலுக்குள்ள போயிடும். வெளிய ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதல்ல பெருசா இருக்காது, ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலன்னா விரலே போகலாம். கசிவு இருக்கான்னு கையால தடவிப் பார்க்கவே கூடாது. ஏர் எடுக்கிறதெல்லாம் கம்பெனி மேனுவல் சொன்னபடி, லோ பிரஷர் பக்கம் மட்டும்.

செல்ஃபையும் ஒரேடியா அடிக்காதீங்க. 10 செகண்ட் அடிச்சா கொஞ்சம் ஆற விடுங்க. காமன் ரெயில்ல ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். காத்தோட சுத்த விட்டா உள்ள தேஞ்சு, அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும். ஒரு வாஷர்ல முடிய வேண்டிய செலவு அப்புறம் பம்ப், இன்ஜெக்டர்னு போகும்.

சரி பண்ணின பிறகு ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி வையுங்க, முடிஞ்சா டேங்க் அரை குறையா இருக்கும்போது. காலைல பிரைமரத் தொடாம முதல் செல்ஃப்லயே எடுத்தா டிக்கெட்ட குளோஸ் பண்ணலாம். அடுத்த எபிசோடுல டெஃப் டேங்க் பத்திப் பேசலாம்.