வீட்டுக்கு மதிப்புச் சொல்ல யாருக்குத் தகுதி?

தாதரில் நம்மவர் பலர் அப்பா, தாத்தா காலத்துப் பழைய கட்டடங்களில் இருக்கிறார்கள். விற்பதோ பாகம் பிரிப்பதோ என்று பேச்சு வந்தால், முதலில் புரோக்கரிடம்தான் "என்ன விலை போகும்?" என்று கேட்கிறோம். அவர் சொல்வது சந்தை நிலவரம். அதை வங்கியோ வருமான வரித் துறையோ ஏற்காது. வீட்டுக் கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

மதிப்பீட்டாளர் என்று போர்டு போட்டவரெல்லாம் ஒரே தகுதி உடையவர் அல்லர். 1957-ஆம் வருடச் செல்வ வரிச் சட்டத்தின்படி வரித் துறையில் பதிவு செய்தவர்கள் ஒரு வகை. 2015-ல் அந்த வரியே கைவிடப்பட்ட பிறகும் இவர்கள் பதிவு நீடித்தது.

2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் கீழ், 2017 விதிகளின்படி திவால் வாரியத்தில் பதிவு பெற்றவர்கள் இன்னொரு வகை. நிலம்-கட்டடம், இயந்திரம், பங்குப் பத்திரம் என்று இதில் மூன்று பிரிவு உண்டு. நிலம்-கட்டடத்துக்கு சிவில் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர் அல்லது நகரமைப்பில் பட்டமும் 5 வருட அனுபவமும் வேண்டும். முதுகலை என்றால் 3 வருடம் போதும். 50 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இயந்திரப் பிரிவில் பதிவு பெற்றவர் அந்தப் பதிவை வைத்து உங்கள் பிளாட்டை மதிப்பிட முடியாது.

மூன்றாவது, வங்கியின் பட்டியல். கடன் வேண்டுமானால் அந்த வங்கியின் பட்டியலில் உள்ளவரே வர வேண்டும். நாமாகப் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கையை அங்கே நீட்டிப் பயனில்லை.

வரி விஷயத்தில்தான் பணம் அதிகம் நஷ்டமாகும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீட்டை விற்றால், அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். சில ஆயிரத்துக்கு வாங்கிய வீட்டுக்கு இது பெரிய சலுகை. ஆனால் அன்றைய முத்திரைத் தீர்வை மதிப்பு தெரிந்தால் அதைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் வருட நிதிச் சட்டம் வரம்பு கட்டிவிட்டது. "எவ்வளவு வேணும் சொல்லுங்க, போட்டுத் தர்றேன்" என்பவரிடம் போனால் பிறகு நோட்டீஸ் வரும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்று, பகடி வீட்டில் இருப்பவர் வாடகைதாரர். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். அவர் கையில் உள்ள உரிமைக்கு மட்டுமே மதிப்பு. அந்த வித்தியாசம் தெரியாதவரிடம் அறிக்கை கேட்காதீர்கள்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே பதிவு? எந்தப் பிரிவு? எந்தக் காரியத்துக்கு இந்த அறிக்கை? பதிவுச் சான்றிதழின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; தகுதி உள்ளவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.