உங்களுக்குத் தெரியுமா? மஸ்கெலியா: மலையும் ஆறும்

◆ மஸ்கெலியாவில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் படுவது ஒன்று. மற்றது மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் அணை எழும்பியபோது, பழைய நகரம் கடைத்தெருவோடும் கும்பிட்ட இடங்களோடும் தண்ணீருக்குள் போயிற்று. மேட்டில் புது நகரம் வந்தது. மழை பொய்த்து நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, ஊறிக் கறுத்த கற்தூண்களுக்கு நடுவே தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து திரிவார்கள். வயதானவர்கள் கையை நீட்டி இது இன்னாருடைய கடை, அது இன்னாருடைய வீடு என்று காட்டுவார்கள். வெளியூர்க்காரருக்கு அது வெறும் கல்லாகத்தான் தெரியும்.

◆ அந்தக் காட்சிக்கு மாதம் பார்க்க வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை இந்த மலைச் சரிவில்தான் வந்து மோதும். அப்போது நீர்த்தேக்கம் நிரம்பும், வான்கதவுகள் திறப்பதும் உண்டு. வருடம் பிறந்து முதல் மூன்று, நான்கு மாதங்களில் தண்ணீர் இறங்கும். சிவனொளிபாத மலை ஏறுகிற சீசனும் அதே காய்ந்த மாதங்களில்தான் வருகிறது: டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். ஆகவே பெப்ரவரி, மார்ச்சில் மலைக்குப் போகிறவர்கள், அந்த வருடம் வறட்சியாக இருந்தால், இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

◆ சிவனொளிபாத மலைதான் இலங்கையிலேயே உயரமானது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. இதன் உயரம் 2,243 மீட்டர். நுவரெலியாவின் பீதுறுதாலகால 2,524 மீட்டர். சுற்றியுள்ள மலைகளோடு ஒட்டாமல் கூம்பாகத் தனித்து நிற்பதால்தான் இதற்கு அத்தனை எடுப்பு.

◆ நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் சுமார் 5,500 படிகள். சீசனில் வழி முழுக்க மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் விடியவிடியத் திறந்திருக்கும். முதன்முறை ஏறுகிற சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளை நூலை அவிழ்த்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறி வந்திருக்கிறீர்களோ அத்தனை முறை அடிக்கலாம். கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை.

◆ விடியற்காலையில் எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் ஒரு நிமிடம் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் அச்சு அசலான முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அது முழுக் காரணமல்ல. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது நிழல் பல கிலோமீட்டர் நீள்கிறது. தொலைவில் தண்டவாளம் இரண்டும் ஒன்றுசேர்வது போல அதன் இரு ஓரங்களும் ஒரு புள்ளியில் கூடுவதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. உச்சி மொட்டையாக இருக்கும் மலையில் நின்றாலும் நிழல் கூராகத்தான் தெரியும். வெயில் ஏறினால் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆகவே போனை முதலிலேயே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

◆ இந்த மலை ஏறிய வெளிநாட்டுக்காரர்களில் மிகப் பழைய பெயர்களில் ஒன்று இபின் பதூதா. மொரோக்கோ நாட்டுப் பயணி, 1344இல் வந்தார். அவரை மலைக்கு அனுப்பிவைத்தது யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளத்தில் அரசரைக் கண்டு, மலையுச்சியில் இருக்கும் ஆதாமின் பாதச்சுவட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அரசர் பல்லக்கும், சுமக்க ஆட்களும், வழித்துணைக்கு யோகிகளும் பிராமணர்களும் கொடுத்து அனுப்பினார். பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும், ஏறுவதற்கு ‘பாபா’ வழி, ‘மாமா’ வழி என்று இரண்டு இருந்ததையும் எழுதியிருக்கிறார். பாபா என்றால் ஆதாம், மாமா என்றால் ஏவாள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய அட்டைக் குறிப்பு. நீர்நிலை ஓரத்துப் புல்லிலிருந்து ஆள்மேல் தாவும் அட்டையைப் பற்றிச் சொல்லி, இங்குள்ளவர்கள் எலுமிச்சம்பழம் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிகிறார்கள், உடனே கழன்று விழுகிறது என்கிறார். ஏழு நூற்றாண்டு ஆகப்போகிறது, மருந்து மாறவில்லை. மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்வார்கள். உப்பும் எலுமிச்சையும் இன்றைக்கும் அதே வேலையைச் செய்கின்றன. சுற்றுலாக் கடைகளில் விற்கும் அட்டைக் காலுறைக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு கூடை எலுமிச்சை வாங்கலாம்.

◆ 150 ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாத ஒரு தவளை, இந்த மலையைச் சுற்றியுள்ள சரணாலயக் காட்டில் 2009இல் மறுபடி அகப்பட்டது. உடம்பெங்கும் நட்சத்திரம் தெளித்தாற்போன்ற புள்ளிகள் கொண்ட மரத்தவளை. 1853இல் விவரித்ததோடு சரி, அழிந்துபோனதாகவே பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2013இல் அதே காட்டிலிருந்து எட்டுப் புதிய தவளை இனங்களையும் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்தச் சரணாலயம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின.

◆ சிறுத்தைகள் தேயிலை மலைகளுக்குள்ளும் நடமாடுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் மரக்கறித் தோட்டமொன்றின் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைப்பவை. பன்றி மரக்கறியை உழுதுவிட்டுப் போன காலையில் தோட்டக்காரர் படும் பாடும் உண்மைதான், ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

◆ மவுசாக்கலையைச் சுற்றி நீர்வீழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. நல்லதண்ணி வீதியோரத்திலேயே மோகினி. கார்ட்மோர் தோட்டத்து அருவிக்கு மேலே ஒரு தடாகம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நீர்த்தேக்கம் கீழே விரிந்திருக்கும். பாறை வழுக்கும். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

◆ மஸ்கெலியா ஓயா விழுகிற லக்சபான நீர்வீழ்ச்சியின் உயரம் 126 மீட்டர். பழைய ஆட்கள் சொல்லும் லக்சபானவை இன்றைக்குத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கக் குழாய் வழியாக மின்நிலையங்களுக்குத் திரும்பிவிடுகிறது. இந்த மலைத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. வெள்ளைக்கார அரசாங்கம் இழுத்தடித்தது. முதல் லக்சபான மின்நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. மூன்று வருடத்தில் அவர் காலமானார். அதன்பிறகு காசல்ரீ, மவுசாக்கலை, கென்யோன் என்று அணைகள் வரிசையாக வந்தன. உயரழுத்தக் கம்பி தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. லயத்துக்குள் குப்பி லாம்பு பல காலம் எரிந்துகொண்டிருந்தது.

◆ நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு விமான டயர் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டின்எயார் விமானம், கொழும்பில் இறங்கும் வழியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. இருந்த இடத்தை விமானிகள் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அந்த மலைத்தொடரின் ஏழு சிகரங்களை வெயில் நாளில் வீதியில் நின்றே எண்ணலாம்.

◆ பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கல்லறை: உலகப் புகழ்பெற்ற ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவ புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானார்.

◆ மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடினால் களனி கங்கை. அதன் 145 கிலோமீட்டர் ஓட்டம் கொழும்பில் முடிகிறது. கொழும்புக்காரர் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

◆ இதே ஆறு கீழே இறங்குகிற கித்துல்கலையில்தான் 1957இல் வெளியாகி ஏழு ஒஸ்கார் வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படமானது. பாலத்தை நிஜமாகவே கட்டி, நிஜ ரயிலோடு தகர்த்தார்கள். கதை சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. அந்தப் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. தமிழர் உழைக்கும் மலையடிவாரத்தில் எடுத்த படம்தான், ஆனாலும் அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களே கதாநாயகர்கள். அந்தத் தமிழரைத் தேடினால் அகப்படமாட்டார்கள்.

◆ கித்துல்கலை இப்போது றப்பர் படகுச் சவாரிக்குப் பேர்போனது. இங்கேயும் மின்நிலையம்தான் எசமான். மேலே தண்ணீர் விட்டால் ஆறு பொங்கும். நிறுத்தினால் படகு கல்லில் உரசும். தண்ணீர் விடும் நேரத்தை முதல்நாளே விசாரித்துக்கொண்டு போங்கள். உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டாமல் ஏறச் சொல்கிற படகுக்காரரோடு போக வேண்டாம், காசு குறைவாகக் கேட்டாலும்.